பன்னிரண்டரைத் தாவல்

நாணல் ஏரிக் கரையில் பட்டுப்போன மருத மரம் ஒன்று நின்றது. அதில் ஓர் இலை கிடையாது, ஒரு கூடு கிடையாது. அடியிலிருந்து உச்சி வரை வெறும் எழுத்துதான். காட்டில் நடந்த வழக்குகளின் தீர்ப்புகளெல்லாம் அதில் கொத்தி வைக்கப்பட்டிருந்தன. விலங்குகள் அதைத் தீர்ப்பு மரம் என்று அழைத்தன.

கொத்தியது யார்? வேறு யார், மரங்கொத்திதான்! காட்டு நீதிமன்றத்தின் எழுத்தர் அதுதான். தலையில் சிவப்புக் கொண்டை, முதுகில் பொன்னிறம், நெஞ்சு நிறையப் பெருமை.

பெருமைப்பட அதற்குக் காரணமும் இருந்தது. முன்பெல்லாம் நரிதான் வழக்குகளைத் தீர்த்து வந்தது. தீர்ப்பைத் தன் குகைக்குள் வைத்துச் சொல்லும். மானிடம் ஒன்று சொல்லும், செந்நாயிடம் இன்னொன்று சொல்லும். யார் ஜெயித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. நரி மட்டும் நாளுக்கு நாள் கொழுத்தது. பொறுத்துப் பார்த்த விலங்குகள் ஒருநாள் திரண்டு போய் நரியை விலக்கிவிட்டுக் காட்டெருமையை நீதிபதி ஆக்கின.

"இனிமே எந்தத் தீர்ப்புலயும் ஒளிவு மறைவு கூடாது! எல்லாம் மரத்துல ஏறணும்! படிக்கத் தெரியாதவங்க கேட்டா எழுத்தர் படிச்சுச் சொல்லணும்!" என்று அன்றைக்கு முதல் ஆளாகக் குரல் கொடுத்தது மரங்கொத்திதான். நல்ல காரியம். அதில் நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

அந்த நீதிமன்றத்துக்கு ஒருநாள் ஆட்காட்டிப் பறவை ஒன்று வந்தது. நீண்ட மஞ்சள் கால், சிவந்த மூக்கு. யார் எந்தப் பக்கம் வந்தாலும் கத்திக் கத்திக் காட்டையே எச்சரிக்கும் பறவை அது. அன்றைக்கு என்னவோ அதற்குக் குரலே எழவில்லை.

"அய்யா, என்னோட நாலு முட்டையையும் இந்தக் கீரி தின்னுடுச்சுங்க" என்றது.

ஆட்காட்டி கூடு கட்டுவதில்லை. வெறுந்தரையில், கூழாங்கற்களுக்கு நடுவில் முட்டையிடும். முட்டையும் பார்ப்பதற்குக் கூழாங்கல் போலவே இருக்கும். பக்கத்தில் போய் நின்றாலும் கண்ணில் படாது. இடம் யாருக்கும் தெரியாமல் இருப்பது ஒன்றுதான் அதன் குஞ்சுகளுக்குக் காவல்.

"பொய்! நான் அந்தப் பக்கமே போகல!" என்று கீரி குதித்தது.

"நான் பார்த்தேன். மீசையில மஞ்சக்கரு ஒட்டியிருந்துச்சு" என்று தவளை சாட்சி சொன்னது.

காட்டெருமை எதையும் ஒரே தடவையில் முடிவு செய்யாது. கேட்டதை விழுங்கிவிட்டு, நிதானமாக அசைபோட்ட பிறகுதான் வாய் திறக்கும். அதனால் இந்த வழக்கு முடிய இருபது நாள் ஆயிற்று. காட்டிலும் வழக்கென்றால் அப்படித்தான்! கடைசியில் காட்டெருமை தீர்ப்புச் சொன்னது.

"கீரி செஞ்சது குத்தம். இந்தக் கோடை முடியற வரைக்கும் கீரி மதகைத் தாண்டி மேற்குக் கரையில கால் வைக்கக் கூடாது. வச்சா காட்டை விட்டே வெளியேத்திடுவோம்!"

கூடியிருந்த சின்ன உயிர்களுக்கெல்லாம் சந்தோஷம். ஆட்காட்டிக்குக் கண் கலங்கியது. மரங்கொத்தி அலகைத் தீட்டிக்கொண்டு மரத்தில் தொற்றியது. யார் வழக்கானாலும் அது மூன்று கேள்வி கேட்கும். அது நரியின் காலத்திலிருந்தே வரும் வழக்கம். ஏன் கேட்கிறோம் என்று யாரும் யோசித்ததில்லை.

"பெயர்?"

"ஆட்காட்டி."

"தந்தை பெயர்?"

"அவரும் ஆட்காட்டிதாங்க."

"வசிப்பிடம்?"

 ஆட்காட்டி ஓரக்கண்ணால் கீரியைப் பார்த்தது. பிறகு மரத்துக்கு அருகில் வந்து, குரலைத் தாழ்த்தியது.

"எழுத்தரய்யா, நான் மறுபடியும் நாலு முட்டை இட்டிருக்கேன். பொரிய இன்னும் ஆறே நாள்தான். இடத்தை மரத்துல எழுதாம விட்டா ஆகாதுங்களா?"

மரங்கொத்தியின் கொண்டை சிலிர்த்தது. "என்னம்மா பேசறே? ஒருத்தருக்காக ஒரு வரியை மறைச்சா, நாளைக்கு நரிக்காகவும் மறைக்கணும். முழுசா எழுதாத தீர்ப்பு ஒரு தீர்ப்பா?"

"கீரி படிக்குங்களே..."

"படிக்கட்டுமே! அதான் மதகைத் தாண்டக் கூடாதுன்னு தீர்ப்பு ஆயிடுச்சே! உனக்கு என்ன பயம்?"

இவ்வளவு படித்தவர் சொல்லும்போது தான் என்ன சொல்வது என்று ஆட்காட்டிக்குத் தெரியவில்லை. "மதகுக்கு வடக்கே, பத்துப் பன்னெண்டு தாவல் தூரத்துல, ரெண்டு ஆவாரஞ்செடிக்கு நடுவுல" என்று மெல்லச் சொல்லிவிட்டுப் பறந்து போனது.

'பத்துப் பன்னெண்டு' என்ற அந்தப் பேச்சு மரங்கொத்திக்குப் பிடிக்கவில்லை. பத்தா, பன்னிரண்டா? எழுத்து என்றால் துல்லியம் வேண்டாமா? அது மேற்குக் கரைக்கே போய், மதகிலிருந்து தாவித் தாவி அளந்தது. பன்னிரண்டரைத் தாவல் வந்தது! அகமகிழ்ந்து திரும்பி வந்து, தீர்ப்பின் அடியில் அழகாகக் கொத்தியது.

'மேற்படி ஆட்காட்டி, மேற்குக் கரையில், மதகுக்கு வடக்கே பன்னிரண்டரைத் தாவல் தூரத்தில், இரட்டை ஆவாரஞ்செடிகளுக்கு நடுவே, கூழாங்கல் மேட்டில் வசிப்பவர்.'

இரண்டு நாள் கழித்து உடும்பு ஒன்று மரத்தடிக்கு வந்தது. வாலைச் சுருட்டிக்கொண்டு பணிவாக நின்றது.

"எழுத்தரய்யா, எனக்குப் படிப்பு வராதுங்க. கீரியண்ணன் வழக்குல என்ன தீர்ப்புன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்றீங்களா? நாலு விஷயம் தெரிஞ்சுக்கணும்னு ஆசை!"

மரங்கொத்திக்கு மனம் குளிர்ந்தது. இதற்காகத்தானே இந்த மரம்! தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் எழுத்திலிருந்து உரக்கப் படித்தது. உடும்பு நாக்கை நீட்டி நீட்டிக் கேட்டது.

"அந்தக் கடைசி வரியை மட்டும் இன்னொரு தடவை சொல்லுங்கய்யா."

"கடைசி வரியா? அது நானே போய் அளந்து எழுதினது!" என்று மரங்கொத்தி பூரித்துப் போய் மறுபடியும் படித்தது. போதாததற்கு, அலகை நீட்டி மேற்குக் கரையைக் காட்டவும் செய்தது.

"ரொம்ப நன்றிங்க" என்று சொல்லிவிட்டு உடும்பு போனது.

மறுநாள் காலையில் ஏரிக்கு மேலே ஆட்காட்டியின் அலறல் கேட்டது. ஒரு தடவை இல்லை, நிற்காமல் கேட்டது. மரங்கொத்தி பதறிப்போய் மேற்குக் கரைக்குப் பறந்தது. இடத்தைத் தேட வேண்டிய அவசியமே அதற்கு இல்லை.

இரட்டை ஆவாரஞ்செடிகளுக்கு நடுவில் ஓடுகள் சிதறிக் கிடந்தன. ஓர் ஓட்டில் ஈரம் இன்னும் காயவில்லை. ஆட்காட்டி அதன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. கரையோரம் உடும்பின் வால் தடம் நீளமாகப் போயிருந்தது.

"நான் கத்தினேன், மூஞ்சியில அடிச்சேன். அது நிமிர்ந்துகூடப் பார்க்கல. தேடவே இல்லைங்க. நேரா வந்து, வாயை வச்சுடுச்சு. அதுக்கு எப்படிங்க வழி தெரிஞ்சுது?" என்று ஆட்காட்டி கேட்டது.

 முந்தின நாள் உடும்பு நாக்கை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தது மரங்கொத்தியின் கண் முன்னால் வந்தது. சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தைதான்.

"எனக்குத் தெரியாதும்மா" என்றது.

காட்டிலேயே பொய் சொல்லாதவர் என்று பெயர் எடுத்த எழுத்தர் சொன்ன முதல் பொய் அது. யாரிடம் சொன்னது பாருங்கள்! ஆட்காட்டி அதையும் நம்பி, தலையை ஆட்டியது. நம்பியதுதான் மரங்கொத்தியைக் கொன்றது.

"உடும்பு மேல வழக்குப் போடலாம். நானே எழுதறேன்" என்று மரங்கொத்தி தடுமாறியது.

"வேண்டாங்க. கோடை முடிய இன்னும் கொஞ்ச நாள் இருக்கு. எங்கயாவது போய் இன்னொரு தடவை முட்டை இட்டுப் பார்க்கிறேன். வழக்குப் போட்டா மறுபடியும் வசிப்பிடம் கேப்பீங்க" என்றது ஆட்காட்டி. ஓடுகளை ஒருமுறை பார்த்துவிட்டுப் பறந்து போனது.

அன்றிலிருந்து மரங்கொத்திக்கு மரத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. எந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாலும் 'பன்னிரண்டரைத் தாவல்' என்ற எழுத்துதான் கண்ணில் பட்டது. தான் எவ்வளவு ஆழமாகக் கொத்தியிருக்கிறோம் என்று இப்போதுதான் தெரிந்தது. யாராவது "எழுத்தரய்யா!" என்று கூப்பிட்டால் உடம்பு கூசியது.

கூப்பிடவும் ஆள் குறைந்துகொண்டே வந்தது. சின்ன உயிர்களுக்குச் செய்தி எப்படியோ எட்டிவிடுகிறது. பன்றி மிதித்துத் தன் வளையை நாசம் செய்தது என்று புகார் சொல்ல முயல் வந்தது. மரங்கொத்தி வழக்கம்போல் "பெயர், தந்தை பெயர்..." என்று ஆரம்பித்ததும் முயலுக்குக் காது நட்டுக்கொண்டது. மூன்றாவது கேள்வி வருவதற்குள் ஓடியே போய்விட்டது. இன்னொரு வழக்கில் சாட்சி சொல்லத் தவளையைக் கூப்பிட்டார்கள். "நான் ஒண்ணும் பார்க்கலைங்க. எனக்கு இப்ப கண்ணே சரியாத் தெரியறதில்லை" என்று தண்ணீருக்குள் குதித்துவிட்டது.

வழக்கு இல்லாமல் காட்டெருமைக்கு அசைபோட ஒன்றுமில்லை. அது காட்டையே கூட்டியது. எல்லா விலங்குகளும் மரத்தடிக்கு வந்தன. ஆட்காட்டியும் வந்து, எல்லோருக்கும் பின்னால் நின்றது.

இந்த நாளுக்காகக் காத்திருந்த நரி எழுந்தது. குரலில் தேன் ஒழுகியது.

"நான் அன்னைக்கே சொன்னேன், யார் கேட்டீங்க? எல்லாத்தையும் ஊருக்குக் காட்டினா இப்படித்தான் ஆகும். பாவம், சின்னஞ்சிறுசுங்க! இந்த மரத்தை வெட்டிச் சாய்ச்சுடுவோம். யானைகிட்ட சொன்னா ஒரு தள்ளுல ஆயிடும். தீர்ப்பெல்லாம் பழையபடி என் குகையிலேயே பத்திரமா இருக்கட்டும்!"

சின்ன உயிர்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. சில தலைகள் ஆடவும் செய்தன. பயம் வந்துவிட்டால் நரியின் குகைகூட நிழலாகத் தெரிகிறது.

மரங்கொத்தி என்ன நினைத்தது தெரியுமா? சொல்லவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. மரம் விழுந்துவிட்டால் அந்த வரியும் விழுந்துவிடும் என்று நினைத்தது. யாரும் படிக்க மாட்டார்கள், யாரும் கேட்க மாட்டார்கள். தான் கட்டிக் காத்த மரத்தை வெட்டுவதற்கு, தன் வெட்கத்தை மறைக்க வேண்டி, அதுவும் தலையாட்டப் போனது!

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"மரத்தை வெட்டக் கூடாது!"

ஆட்காட்டிதான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து நின்றது.

"கீரி என்ன செஞ்சுதுன்னு இந்த மரத்துல இருக்கு. அதை இந்தக் காடு மொத்தமும் படிக்கணும். நாளைக்கு முட்டையிடப் போற இன்னொரு ஆட்காட்டி படிக்கணும். குகைக்குள்ள வச்சா கீரிக்குத்தானே வசதி? என் இருப்பிடம் ஒண்ணு மட்டும்தான் அதுல இருந்திருக்கக் கூடாது. அதுக்காக எழுத்தரய்யா மேல நான் கோபப்படல. அவரு நேர்மையானவரு. அவருக்கு ஒண்ணும் தெரியாது. நானே அவர்கிட்ட கேட்டேன்."

மரங்கொத்திக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. கிளையிலிருந்து இறங்கித் தரையில் நின்றது. அந்த மரத்தடியில் மரங்கொத்தி தரையில் நின்று யாரும் பார்த்ததில்லை.

"எனக்குத் தெரியும்!" என்றது.

கூட்டம் திரும்பிப் பார்த்தது.

"பன்னிரண்டரைத் தாவல்னு அளந்து எழுதினது நான். உடும்பு வந்து கேட்டப்போ படிச்சுச் சொன்னதும் நான். ஒரு தடவைக்கு ரெண்டு தடவை படிச்சேன். அலகை நீட்டி வழியும் காட்டினேன். அன்னைக்கே, எழுதாதீங்கன்னு இந்த அம்மா கெஞ்சினாங்க. நான்தான் பெரிய இவன் மாதிரி நியாயம் பேசினேன். அப்புறம் ஓட்டுக்குப் பக்கத்துல நின்னு கேட்டப்போ, தெரியாதுன்னு பொய் சொன்னேன்."

ஆட்காட்டி அதன் எதிரே வந்து நின்றது.

"நீங்க வேணும்னே செஞ்சிருக்க மாட்டீங்க. ஆனா, நான் கேட்டப்பவே ஏன் சொல்லல?" என்றது.

"வெட்கமா இருந்துச்சு."

"என் முட்டை போனதை விடவா?"

 மரங்கொத்தியின் கொண்டை தாழ்ந்து, அலகு மண்ணைத் தொட்டது. கூட்டத்தில் யாரும் அதைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அதற்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

காட்டெருமை உடும்பின் பக்கம் திரும்பியது. "உனக்கு யார் சொல்லி அனுப்பினது?"

"கீரியண்ணன்தாங்க. பாதி பாதின்னு பேச்சு" என்று உடும்பு உளறியது.

"நான் மதகைத் தாண்டவே இல்ல! மரத்துல இருக்கிறதைத்தானே போய்க் கேக்கச் சொன்னேன்! அது குத்தமா?" என்று கீரி கூவியது.

"குத்தம்தான்! படிக்கிறது குத்தம் இல்ல. படிச்சுட்டுத் திங்கப் போனது குத்தம். ரெண்டு பேரும் இந்த ஏரியை விட்டுக் கிளம்புங்க!" என்றது காட்டெருமை.

பிறகு அது கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் அசைபோட்டது. நரி நெளிந்தது. கடைசியில் காட்டெருமை வாய் திறந்தது.

"மரம் நிக்கட்டும். யார் குத்தம் செஞ்சாங்க, என்ன செஞ்சாங்க, என்ன தீர்ப்புன்னு எல்லாம் மரத்துல இருக்கணும். நான் சொன்ன தீர்ப்பு தப்புன்னாலும் அது அங்க இருக்கணும். புகார் சொன்னவங்களோட வளையும் பொந்தும் கூடும் மரத்துக்குத் தேவையில்ல. அது என் காதோட இருக்கட்டும். பேர் வந்தாலே உயிருக்கு ஆபத்துன்னா பேரும் வேண்டாம்."

"ஆகா!" என்று நரி துள்ளியது. "அப்போ மறைக்கலாம்னு ஆயிடுச்சு! எதை மறைச்சீங்கன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மறைச்ச இடம் தெரியணும்" என்றது காட்டெருமை. "எழுத்தரே, எழுதினதைக் கொத்தி எடுங்க. மேல மண் பூசக் கூடாது. எடுத்த இடம் ஓட்டையாவே இருக்கட்டும். இங்க ஒரு இருப்பிடம் இருந்துச்சு, உயிருக்குப் பயந்து எடுத்தோம்னு வர்றவங்க போறவங்க எல்லாரும் பார்க்கட்டும். மறைச்சோம்கிறதை மட்டும் மறைக்கக் கூடாது!"

 தன் காலத்துத் தீர்ப்புகளைப் பற்றி யாராவது கேட்பதற்குள் நரி வாலைச் சுருட்டிக்கொண்டு நடையைக் கட்டியது.

மரங்கொத்தி அன்றைக்கே வேலையைத் தொடங்கியது. முயலின் வளை, தவளையின் பொந்து, அணிலின் கூடு என்று எத்தனையோ வருடத்து இருப்பிடங்கள் அந்த மரத்தில் கிடந்தன. ஒவ்வொன்றையும் தேடித் தேடிக் கொத்தி எடுத்தது. முதலில் எடுத்தது பன்னிரண்டரைத் தாவலை. துல்லியமாக, ஆழமாக எழுதியிருந்ததால் அதை எடுக்கத்தான் அதிக நேரம் பிடித்தது. மூன்று நாள் ஆயிற்று. அலகு வலித்து, இரை பொறுக்கக்கூட முடியவில்லை.

எல்லாம் முடிந்த பிறகு, மரத்தில் எல்லோர் கண்ணிலும் படும் உயரத்தில் அது ஒரு புதிய தீர்ப்பைக் கொத்தியது. யாரும் அதைச் செய்யச் சொல்லவில்லை.

'எழுத்தர் மரங்கொத்தி, கெஞ்சிக் கேட்டும் கேளாமல் ஆட்காட்டியின் இருப்பிடத்தை எழுதியது. அதனால் நான்கு முட்டைகள் போயின. கேட்டபோது தெரியாது என்று பொய்யும் சொன்னது.'

படிக்கத் தெரியாதவர்கள் வந்து கேட்டால் அதையும் உரக்கப் படித்துச் சொன்னது. ஒவ்வொரு தடவையும் குரல் உடைந்தது. ஆனாலும் ஓர் எழுத்தையும் விழுங்கவில்லை.

மெல்ல மெல்லப் புகார்கள் வர ஆரம்பித்தன. முயல் வந்தது, தவளை வந்தது. மூன்றாவது கேள்வியை இப்போது யாரும் கேட்பதில்லை.

கோடையின் கடைசி வாரத்தில் ஒரு காலை. ஏரியில் தண்ணீர் வற்றி, தீர்ப்பு மரத்துக்கு எதிரில் மட்டும்தான் கொஞ்சம் கிடந்தது. அங்கே ஆட்காட்டி தண்ணீர் குடிக்க வந்தது. அதன் பின்னால் மூன்று குஞ்சுகள், காலே உடம்பாக, தத்தித் தத்தி ஓடி வந்தன!

மரங்கொத்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. கண்ணில் நீர் முட்டியது. இறங்கிப் போய் மன்னிப்புக் கேட்கலாமா என்று நினைத்தது. 

குஞ்சுகள் குடித்து முடித்தன. ஆட்காட்டி கிளம்பவில்லை. நிமிர்ந்து மரங்கொத்தியையே பார்த்தபடி நின்றது. ஏன் நிற்கிறது என்று முதலில் மரங்கொத்திக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. எந்தப் பக்கம் போகிறோம் என்று மரங்கொத்தி பார்த்துவிடக் கூடாதே என்றுதான் அது காத்திருந்தது.

 மரங்கொத்திக்குக் கோபம் வரவில்லை. நியாயம்தானே!

மரங்கொத்தி மெதுவாக மரத்தைச் சுற்றி மறுபுறம் போனது. முதுகைத் திருப்பிக்கொண்டு, கண்ணையும் இறுக மூடிக்கொண்டது. சின்னக் கால்கள் கூழாங்கற்களில் ஓடும் சத்தம் கேட்டது. கிழக்கா, மேற்கா என்று காது கண்டுபிடித்துவிடுமோ என்று பயந்து, சத்தம் அடங்கும் வரை மரத்தைத் தட்டிக்கொண்டே இருந்தது.

குற்றத்தையும் தீர்ப்பையும் ஊரறியச் சொல்ல வேண்டும். ஆனால் நியாயம் கேட்டு வந்தவரின் இருப்பிடத்தையும் சேர்த்துச் சொன்னால், அது அவரைக் காட்டிக்கொடுப்பதாகும்.